நௌஃபரின் பிஸ்கட் பேணி

ரபியா பாண் வாங்கினால் கடை வாசலிலேயே அந்த ரொட்டியை நடுவால் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவாள். உள்ளே என்ன இருக்கப்போகிறது என்று கேட்டால், "தெரியாதே, அதுக்குத்தானே பாக்கிற" என்பாள். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பது எல்லாரும் செய்கிற வேலை. ரபியா தேங்காய் விற்கிறவனின் முகத்தையும் இரண்டு தரம் பார்ப்பாள். மாம்புரிக் கரையில் அவளுக்கு 'சீஐடி மாமி' என்று பேர். அதை அவள் காதுபடவே சொன்னார்கள். அவளும் அதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

பிறவியிலேயே அப்படி இல்லை. அவள் பிறந்து வளர்ந்தது மன்னார் எருக்கலம்பிட்டியில். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் ஒலிபெருக்கி கட்டின இயக்கத்து வாகனம் ஒன்று தெருவால் வந்து, முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று அறிவித்தது. ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த பொடியனை ரபியாவுக்குத் தெரியும். முந்தின கிழமை அவள் வாசலில் நின்று தேத்தண்ணி வாங்கிக் குடித்தவன். சீனி போதாது என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியவன். அவன் அவளைப் பார்த்தும் பார்க்காதமாதிரிப் போனான். புருசன் செய்னுலாப்தீனோடு தோணியேறி, அலையில் நனைந்து நடுங்கிக்கொண்டு கற்பிட்டிக்கு வந்து சேர்ந்த வழியெல்லாம் வீட்டைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. அந்த ஒரு கரண்டிச் சீனியைப் பற்றித்தான் யோசித்தாள். நல்ல முகத்தோடு சீனி கேட்கிறவன் மனதில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்குப் பிடித்த சந்தேகம் அவளை விடவேயில்லை.

செய்னுலாப்தீன் மௌத்தான பிறகு, ஒரே மகள் அக்கீலாவை வளர்க்க அவள் கருவாட்டு வாடியில் வேலைக்குப் போனாள். மகளுக்கு வண்ணாத்திவில்லிலிருந்து நௌஃபர் என்று ஒரு மாப்பிள்ளையைப் பேசி வந்தபோது, தலையில் கருவாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் புறப்பட்டுவிட்டாள். வியாபாரம் செய்கிறவள் போல அவன் தெருவில் வீடுவீடாக ஏறி, கட்டாக் கருவாட்டை நிறுத்துக் கொடுத்துக்கொண்டே அவன் சிகரட் குடிப்பானா, கோபக்காரனா, உம்மாவோடு எப்படி என்று எல்லாவற்றையும் துருவிவிட்டாள். கடைசியில் ஒரு வீட்டில் கருவாடு வாங்க வெளியே வந்தவனே மாப்பிள்ளை. கலியாணம் முடிந்து அவன் மாமியை முதல் தரம் நேராகப் பார்த்ததும், "மாமி, அண்டைக்கு வாங்கின கருவாட்டுல உப்புக் கூட" என்று சொல்லிச் சிரித்தான். ரபியாவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே அவனைப் பிடித்துப்போயிற்று.

ஆனாலும் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் நௌஃபர் அல்ல, மாக்கிறட்தான். மாக்கிறட் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. இருவரும் ஒரே வாடியில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் வருசக்கணக்காக மீன் பிளந்து உப்பிட்டவர்கள். மாக்கிறட்டின் புருசன் வஸ்தியானும் நௌஃபரும் ஒரே பைபர் போட்டில் கடலுக்குப் போனார்கள். மாக்கிறட் கொண்டுவரும் மாசிச் சம்பலை மட்டும் ரபியா மணந்து பார்க்காமல் வாயில் போடுவாள். இதை வாடியில் எல்லாரும் ஒரு அதிசயமாகச் சொல்வார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று வேதக் கோயில்களில் குண்டு வெடித்தது. வைத்தவர்கள் முஸ்லிம் பேர்க்காரர். நீர்கொழும்பில் மாக்கிறட்டின் தங்கச்சி மகள் அன்று பூசைக்குப் போயிருந்தாள். வரவில்லை.

ரபியா சாவீட்டுக்குப் புறப்பட்டாள். மாக்கிறட்டின் வாசல் படலை வரைக்கும் போய்விட்டாள். உள்ளே நின்ற ஆம்பிளைகள் திரும்பி அவள் தலைமறைப்பைப் பார்த்த பார்வையில் படலையைத் தொட்ட கையை எடுத்துவிட்டாள். திரும்பி வந்துவிட்டாள். உள்ளே மாக்கிறட் அவளை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வந்தவள் வாசலோடு போய்விட்டாள் என்று யாரோ சொல்ல, மாக்கிறட்டின் முகம் கல்லாய்ப் போயிற்று. அடுத்த நாளிலிருந்து வாடியில் இருவருடைய பாய்களுக்கும் நடுவில் ஆள் நடக்கிற அளவு இடைவெளி விழுந்தது. வஸ்தியானும் போட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். நௌஃபர் ஒருத்தனாகக் கடலுக்குப் போனான்.

அது எப்படிப்பட்ட காலம் என்று அந்தக் கரையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆமியும் பொலிஸும் வீடுவீடாகப் புகுந்து அலுமாரியைக் கொட்டிப் பார்த்தார்கள். சனங்கள் மாட்டிறைச்சிக் கத்தியைக் கிணற்றில் போட்டார்கள், அரபு எழுத்து இருந்தால் மதரசாப் பாடப் புத்தகத்தைக்கூட அடுப்பில் வைத்தார்கள். ஊரே ரபியாவாக மாறிப்போன காலம் அது. அப்படியிருக்க ரபியா என்ன ஆகியிருப்பாள்!

அவள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைக் காத்தாள். நோன்பு பிறக்கச் சில நாள் இருக்கையில் ஒரு விடியற்காலை, கடலால் வந்த நௌஃபர் குளித்துவிட்டு அயர்ந்து தூங்கினான். அவன் கடலுக்குக் கொண்டுபோகும் பையில் மூடி போட்ட ஒரு தகரப் பிஸ்கட் பேணி இருப்பதை அவள் கொஞ்ச நாளாகவே கவனித்துவந்தாள். பிஸ்கட் தின்கிறவன் இல்லை அவன். வந்ததும் அந்தப் பேணியை அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஒளிப்பான், போகும்போது எடுத்துக்கொள்வான். ரபியா திறந்தாள்.

உள்ளே வெள்ளித்தாள் உறைகள். ஒன்றின் நுனியைப் பிரித்துப் பார்த்தாள், சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள் ஏதோ எண்ணெய். எண்ணெய்க்குள் இன்னொரு மெல்லிய கண்ணாடிக் குழல் மிதந்தது. உறையில் சீனத்து எழுத்து, இங்கிலீசு எழுத்து. இரண்டும் ரபியாவுக்கு வராது. ஆனால் படம் புரிந்தது. கையொன்று குழாயைப் பிடித்து வளைக்கிறது. அடுத்த படத்தில் குழாயிலிருந்து நாலு பக்கமும் கோடு கோடாகச் சிதறுகிறது.

வளைத்தால் வெடிக்கும் என்று படம் போட்டே வைத்திருக்கிறார்கள்! உப்புக் கூட என்று சொல்லிச் சிரித்தவனா? சீனி கேட்டவனும் சிரித்த முகத்தோடுதானே நின்றான். இதைக் கடலில் கொண்டுபோய் யாரிடம் கொடுக்கிறான்? நாளைக்கு ஆமி வந்து அரிசிச் சாக்கை நகர்த்தினால் இவனை இழுத்துக்கொண்டு போவார்கள், அக்கீலாவின் வாழ்க்கை அதோடு முடிந்தது. போய்ப் பள்ளிவாசலில் சொன்னாலும் அதே கதி. யாரிடம் கேட்பது? முன்பென்றால் மாக்கிறட்டிடம் ஓடியிருப்பாள். இப்போது மாக்கிறட்டிடம் இதையா கொண்டுபோய்க் காட்டுவது?

எந்தக் குற்றமாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், பிடிபடக் கூடாது. அதுதான் அவள் எடுத்த முடிவு. மருமகன் மீது வந்த பயமும் மகள் மீது இருந்த பாசமும் சேர்ந்து அவள் கையை ஓடவைத்தன. உறைகளின் நுனியைச் சவர அலகால் கீறி, குழாய்களை உருவி, வாளித் தண்ணீருக்குள் அமுக்கினாள். வெடிமருந்து நனைந்தால் செத்துவிடும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். முற்றம் கூட்டுகிற விளக்குமாற்றை அவிழ்த்து, ஈர்க்கை அந்த நீளத்துக்கு நறுக்கி, பிடிபிடியாகச் சேர்த்து உறைகளுக்குள் நுழைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டிப் பேணியை நிரப்பி வைத்தாள். எவன் வாங்க வருகிறானோ அவன் திறந்து பார்த்துவிட்டு இவனை ஏசித் துரத்தட்டும். ஒரே ஒரு குழாயை மட்டும் அழிக்காமல் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். சந்தேகக்காரி எதையும் முழுசாக அழிக்கமாட்டாள், சாட்சிக்கு ஒன்று வேண்டும்.

பின்னேர அசர் தொழுகைக்கு எழும்பிய நௌஃபர் பேணியை ஆட்டிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டான். "காத்து எழும்புற மாதிரி இரிக்கி, போக வேணாமே" என்றாள் அக்கீலா.

"சோளகக் காத்து இறங்கினா பொறகு எங்க போற? இண்டைக்கு மட்டும் போய்ட்டு வாறன்."

ரபியா வாசலில் நின்று அவன் போவதைப் பார்த்தாள். அவன் போனதும், நனைந்து செத்தவை என்று அவள் நம்பிய குழாய்களை முற்றத்து உரலில் போட்டாள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கையை நீட்டமுடிந்தமட்டும் நீட்டி, பிஸ்மி சொல்லி உலக்கையை விட்டாள். சடக்கென்று கண்ணாடி நொறுங்கிய சத்தத்தைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தைரியம் வந்து குத்து குத்தென்று குத்தினாள். சாய்ந்த வெயில் முகத்தில் அடித்தது. சக்கையைச் சாம்பல் குழியில் கொட்டினாள், உரலைக் கழுவி ஊற்றினாள், கிணற்றடிக்குப் போய்க் கையைத் தேய்த்தாள். எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

மஃரிபு பாங்கு சொல்லும் நேரம் வெளிச்சம் வடிந்தது. வடிய வடிய, ரபியாவின் முற்றம் எரியத் தொடங்கியது. முதலில் உரலின் வாய் பச்சையாகத் தெரிந்தது. பிறகு சாம்பல் குழி. பிறகு உரலிலிருந்து கிணற்றடி வரைக்கும் சிந்தின வழியெல்லாம் பொட்டுப் பொட்டாக. அவள் பயந்து எழும்பித் தன் கையைப் பார்த்தாள். விரல் நுனிகளும் சேலை விளிம்பும் பச்சையாய் ஒளிர்ந்தன. சூடு இல்லை, புகை இல்லை, மணமும் இல்லை. அழிக்கப் போன தடயத்தை அவளே முற்றம் முழுக்க எழுதி வைத்திருந்தாள். "யா அல்லாஹ்" என்று அவள் போட்ட சத்தத்தில் அக்கீலா ஓடிவந்தாள். உரலைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள்.

"உம்மா! இது அவர்ட வலை லைட்டு! என்ன செஞ்சீங்க?"

"வலை லைட்டா?"

"வஸ்தியான் மாமா வராம விட்ட பொறகு இருட்டுல ஒத்த ஆளா வலையத் தேடிப் பிடிக்க ஏலாதெண்டு, பேருவளைப் பெரிய போட்டுக்காரங்கக்கிட்ட வாங்கினது. மிதப்புல கட்டுவார். போட்டுக் கம்புலயும் ஒண்டக் கட்டுவார், பெரிய போட்டுகள் வந்து ஏறாம இரிக்க."

"என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

அக்கீலா அழுதுவிட்டாள். "அவர்தான் வேணாமெண்டார். மாமிக்குத் தெரிஞ்சா ஊரெல்லாம் விசாரிப்பா, இந்தக் காலத்துல அது வேற கதையாப் போயிடும் எண்டார்."

இதைவிட ஒரு மனிசிக்கு வேறு என்ன அடி வேண்டும்? அவள் சந்தேகப்படுவாள் என்று அவன் ஒளித்தான். அவன் ஒளித்தான் என்று அவள் சந்தேகப்பட்டாள்.

உண்மையில் அந்தக் குழாய்களில் இருந்தது நெருப்புக்கே சம்பந்தமில்லாத சாமான். நிலக்கரித் தாரிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்த அந்தரசீன் என்று ஒரு பொருள் உண்டு. பள்ளிக்கூடத்தில் அதை அரோமற்றிக் ஐதரோகாபன் என்று படிப்பிப்பார்கள். அந்த வம்சத்தில் பிறந்த ஒரு சாயம்தான் அந்த எண்ணெயில் கரைந்திருக்கிறது. தன்பாட்டில் அது சும்மா கிடக்கும். வளைத்து உள்ளே உள்ள கண்ணாடிக் குழல் உடைந்து இரண்டு மருந்தும் கலந்தால், அதில் பிறக்கிற சக்தியை அந்தச் சாயம் வாங்கிக் குளிர்ந்த பச்சை வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கும். தண்ணீரில் ஊறினாலும் சாகாது, கடலுக்கென்றே செய்தது. படத்தில் நாலு பக்கமும் சிதறிய கோடுகள் அந்த வெளிச்சம்தான்.

அதை அறிந்து ஆவதென்ன? நௌஃபர் அந்த நேரம் கரையிலிருந்து வெகுதூரம் போயிருந்தான், கையில் ஈர்க்குக் கட்டோடு. காற்றும் விழுந்துபோகவில்லை.

விடிந்து மற்றப் போட்டுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. நௌஃபரின் போட் வரவில்லை. வெயில் ஏற முன்னமே வீட்டு வாசலில் நேவிக்காரர் வந்து நின்றார்கள். அலுமாரியைத் திறந்தார்கள், அரிசிச் சாக்கைக் கொட்டினார்கள், சாம்பல் குழியைக் கிளறினார்கள். பச்சை எல்லாம் அணைந்துபோயிருந்தது. மூத்தவன் உடைந்த தமிழில் கேட்டது இவ்வளவுதான்: நௌஃபர் ஏன் தனியாகப் போனான்? இந்தியாவில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ரபியா சேலைத் தலைப்பு முடிச்சைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். அவர்கள் போகும்போது வயர்லெஸ்ஸில் பேசிய சிங்களத்தில் அவளுக்கு ஒரு சொல் மட்டும் விளங்கியது, 'இந்தியாவ'.

கடற்கரைக்காரிக்கு மிச்சம் விளங்கப் பாடம் தேவையில்லை. ஓடிப்போனவனைப் பிடிக்கத் தேடினால் வடமேற்கே இந்தியப் பக்கம் தேடுவார்கள். எஞ்சின் உடைந்து மிதக்கிறவனைக் காப்பாற்றத் தேடினால் காற்று இழுக்கிற பக்கம் தேடவேண்டும். அவன் ஓடவில்லை, வெளிச்சம் இல்லாமல் போனவன் என்று யாராவது நேவிக்குச் சொன்னால் ஒழிய, அவனைச் சரியான கடலில் ஒருவரும் தேடப்போவதில்லை. சொல்வதென்றால் சிங்களம் தெரிந்தவர் சொல்லவேண்டும். முஸ்லிம் ஆள் சொன்னால் நம்பவும் மாட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் வழி சிங்களம் பேசத் தெரிந்த மாக்கிறட்டின் படலையில்தான் போய் முடிந்தது.

ரபியா சேலைத் தலைப்பு முடிச்சைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இந்தமுறை படலையில் நிற்கவில்லை.

மாக்கிறட் முற்றத்தில் நின்றாள். கறுப்பு உடுப்பு. ரபியாவைக் கண்டதும் அவள் கண் முதலில் போனது முகத்துக்கு அல்ல, துணிக்குள் மறைத்துப் பிடித்திருந்த கைக்கு.

"அங்கேயே நில்லு. கையில என்ன?"

ரபியா நின்றாள். இருபது வருசம் பக்கத்தில் இருந்து ஒரே கத்தியைத் தீட்டிக்கொண்டவள் தன் கையைப் பார்த்துப் பயப்படுகிறாள்! அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது, நேற்று ரபியா தன் மருமகனைப் பார்த்ததும் இதே கண்ணால்தானே.

"மாக்கிறட், நௌஃபர் வரல்ல. இந்தச் சாமான அழிச்சது நான். பாத்திட்டு என்ன எண்டாலும் சொல்லு." முடிச்சை அவிழ்த்துக் குழாயை எடுத்து, இரண்டு கையாலும் வளைத்தாள். சடக்கென்றது. மாக்கிறட் ஒரு அடி பின்னால் போனாள். காலை வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் பிளாஸ்டிக் குழாய்.

ரபியா தலையில் போட்டிருந்த முந்தானையை உருவினாள். எத்தனையோ வருசமாக வீட்டுக்கு வெளியே யாரும் பார்க்காத நரைத்த தலையோடு அவள் அந்த முற்றத்தில் நின்று, துணியை மடித்துக் குழாய்க்கு மேலே கூடாரமாகப் பிடித்தாள். "இதுக்குள்ள பாரு."

மாக்கிறட் அந்த நரைத்த தலையைப் பார்த்தாள். பிறகு வந்தாள். குனிந்து துணிக்குள் தலையை விட்டாள். ரபியாவும் விட்டாள். உள்ளே இருட்டில் இரண்டு முகமும் பச்சையாய்த் தெரிந்தன.

"இது வலை லைட்டடி," என்றாள் மாக்கிறட். "வஸ்தியான் பெரிய போட்டுல வேலை செய்யேக்க கொண்டுவந்திருக்கான்."

"எனக்குத் தெரியாதே. நான்..." என்றாள் ரபியா. "உன்ட புள்ளைக்கு வெச்சாங்களே, அது மாதிரி ஒண்டு எண்டு நெனச்சன். நௌஃபர அப்பிடி நெனச்சிட்டன், மாக்கிறட்."

மாக்கிறட் துணிக்குள்ளிருந்தபடியே சொன்னாள்: "நானும் அப்பிடித்தான் நெனச்சன். அவனோட போகாத எண்டு வஸ்தியானை மறிச்சது நான்தான்."

அதற்குமேல் பேச நேரம் இருக்கவில்லை. மாக்கிறட் புருசனை உலுக்கி எழுப்பி விசயத்தைச் சொன்னாள். வஸ்தியான் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுப் போட்டின் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு காற்று இழுக்கிற வடக்குப் பக்கம் புறப்பட்டான். பெண்கள் இருவரும் நேவிக் காவலரணுக்குப் போனார்கள். அங்கே மேசை லாச்சியைத் திறந்து அதற்குள் குழாயை வைத்துக் காட்டினார்கள். மூத்த நேவிக்காரன் லாச்சிக்குள் முகத்தை விட்டுப் பார்த்தான். மிச்சத்தை இவள் ஏன் உடைத்தாள் என்று சிங்களத்தில் கேட்டான். மாக்கிறட் ரபியாவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவன் சத்தமாகச் சிரித்துவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தான்.

"என்ன சொன்ன?" என்றாள் ரபியா, வெளியில் வந்ததும்.

"மாமிக்கும் மருமகனுக்கும் ஆகாது, கோபத்துல போட்டு உடைச்சிட்டாள் எண்டன்."

மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு வஸ்தியான் நௌஃபரின் போட்டைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். தலவிலக் கோயிலுக்கு நேரே கடலில் மிதந்துகொண்டிருந்தானாம். பெரிய போட் ஒன்று வெளிச்சம் தெரியாமல் வலைமேல் ஏறி வலையை அறுத்து, எஞ்சினையும் இடித்துவிட்டுப் போயிருந்தது. கரையில் சனம் கூடியிருந்தது. முஸ்லிம் ஆட்கள் ஒரு பக்கம், வேதக்காரர் ஒரு பக்கம். நடுவில் துவக்கோடு நேவி.

நௌஃபர் இறங்கினான். நெற்றியில் காயம். உதடு வெடித்திருந்தது. அக்கீலா தன்னிடம் ஓடிவந்ததையும் அவன் பார்க்கவில்லை. நேரே வஸ்தியானுக்கு முன்னால் போய்ப் பேணியை அவன் காலடியில் வீசினான். வெள்ளித்தாள் உறைகளும் ஈர்க்குத் துண்டுகளும் மணலில் சிதறின.

"நான் தொழப் போன நேரம் வாடியில இருந்தது இந்தப் பை. நீங்க இல்லாம வேற ஆரு? என்ன சாகடிச்சா உங்கட புள்ளை திரும்பி வந்திடுமா?"

வஸ்தியானின் பக்கத்து இளைஞர்கள் இரண்டு எட்டு முன்னால் வந்தார்கள். இந்தப் பக்கமும் யாரோ கம்பைக் குனிந்து எடுத்தான். ஒரு கல் விழுந்தால் போதும், அந்தக் கரையில் அன்றைக்கு எத்தனை வீடு எரிந்திருக்கும் என்று சொல்லமுடியாது.

"மகன்," என்றாள் ரபியா. ஒருவருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னாள். "மகன், நான்தான் வெச்ச. அது நம்மட விளக்குமாத்து ஈர்க்கு."

எல்லாரும் திரும்பினார்கள். நௌஃபர் மணலில் கிடந்த ஈர்க்கைப் பார்த்தான். மாமியைப் பார்த்தான்.

"ஏன் மாமி?"

ரபியா பதில் சொல்லவில்லை. நேவிக்காரன் நிற்கிறான் என்று மட்டுமல்ல. மருமகனின் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? அவள் நின்ற நிலையிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் வடிந்து வேறொன்று அவன் முகத்தில் வந்தது, அதைப் பார்ப்பதைவிட அவன் தன்னை அடித்திருக்கலாம் என்று ரபியாவுக்கு இருந்தது. ஏன் என்று அவன் இரண்டாம் தரம் கேட்கவில்லை. வஸ்தியானின் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். பிறகு வீட்டுக்கு நடந்தான்.

கூட்டம் கலைந்தது. நோன்பு முடிந்து பெருநாளும் வந்தது. சோளகம் தணிந்ததும் வஸ்தியானும் நௌஃபரும் மறுபடி ஒன்றாகக் கடலுக்குப் போனார்கள். வாடியில் இரண்டு பாயும் ஒட்டிக்கொண்டன. அந்தப் பக்கம் எல்லாம் சரியாயிற்று.

வீட்டில் சரியாகவில்லை. நௌஃபர் மாமியோடு சண்டை பிடிக்கவில்லை, ஒரு வார்த்தை குறைத்துப் பேசவுமில்லை. ஆனால் அன்றிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் நேரே உள்ளே போகமாட்டான். ரபியா இருக்கும் இடத்துக்கு வந்து, அவளுக்கு முன்னால் நிலத்தில் வைத்துத் திறந்து, உள்ளதை எல்லாம் வெளியே எடுத்து வைப்பான். "பாருங்க மாமி" என்பான், மரியாதையாக. அவள் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொண்டு போவான். கடல் பை, மருந்துக்கடைப் பொட்டலம், அக்கீலாவுக்கு வாங்கின சட்டைத் துணி, எல்லாம் அப்படித்தான். ஒருநாள் பாண் வாங்கி வந்தவன் அதை அவள் கண்முன்னால் நடுவால் பிய்த்துக் காட்டினான். ரபியா அன்றைக்கு அந்தப் பாணைத் தின்னவில்லை.

"வேணாம் மகன், என்ன மன்னிச்சிடுங்க" என்று அவள் எத்தனையோ தரம் அழுதிருக்கிறாள். "அதெல்லாம் ஒண்டுமில்ல மாமி" என்பான். அடுத்த நாளும் பையைத் திறந்து வைப்பான். அக்கீலா சொல்லியும் கேட்கவில்லை, மாக்கிறட் வந்து ஏசியும் கேட்கவில்லை. ஆயுள் முழுக்க எல்லாருடைய பையையும் பார்க்கத் துடித்தவளுக்கு, பார்க்கமாட்டேன் என்று சொல்ல உரிமை இல்லாமல் போயிற்று.

அக்கீலாவுக்குப் பிள்ளை பிறந்து சில மாதம். ஒரு பின்னேரம் நௌஃபர் எங்கேயோ போய்விட்டு வந்தான். கையில் ஒரு பை. வழக்கம்போல ரபியாவிடம் வந்து அதை நிலத்தில் வைத்தான். அந்த நேரம் பார்த்து உள்ளே பிள்ளை வீரிட்டுக் கத்தியது. அவன் பையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

பை மூடியபடி ரபியாவின் காலடியில் இருந்தது. உள்ளே ஏதோ ஒன்று மெல்ல உருண்டு நின்றது. அவள் கை தன்பாட்டில் நீண்டது. இழுத்துக்கொண்டாள். கதிரையில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். உருண்டது என்ன? தேசிக்காயா, போத்தலா, பேணியா?

பிள்ளையின் அழுகை அடங்க நௌஃபர் வெளியே வந்தான். மூடிக் கிடந்த பையைப் பார்த்தான். கையின்மேல் உட்கார்ந்திருந்த மாமியைப் பார்த்தான். பிறகு குனிந்து பையைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அடுத்த நாள் வந்த பையையும் அவன் திறந்து காட்டவில்லை.

அன்றைக்கு அந்தப் பையில் என்ன இருந்தது என்று ரபியாவுக்கு இன்றைக்கும் தெரியாது. இன்றைக்கும் அது அவளை அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கேட்கவில்லை.